மொய்க் கணக்கு

மூட்டையைப் பிரித்தால்
கேழ்வரகு என்றுதான் நினைப்பீர்கள்.
கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் மினுக்கம்,
புதுசில் லேசாய் மீன்வாடை.
சின்னக்கரை ஓடைக்கு இந்தப் பக்கம்
எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில்
இரண்டு ஆள் உயர உருளைகளுக்குள்
இதைத்தான் கொட்டி வைத்திருக்கிறோம்.

பாலிமர் மணி.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வலை,
வலையின் கண்ணிதோறும் ஒரு நேர்மின் கை.
வெறுங்கையாய் இருக்கத் தெரியாத கை.
வரும்போதே ஆளுக்கொரு குளோரைடைப்
பிடித்துக்கொண்டு வருகிறது.

ராத்திரி பதினொன்றுக்குச் சாயத்தண்ணி வரும்.
போன வாரம் ஆலிவ்.
இந்த வாரம் மெரூன்;
எந்த ஊரிலோ குளிர்காலம் வரப்போகிறது.
குழாய்ச் சத்தத்தை வைத்தே நிறம் சொல்வான் பீதாம்பர்,
பாலங்கீர்க்காரன்,
மூன்று வருசமாய் எங்களிடம் வால்வு திருப்புகிறவன்.
பத்துக்கு ஏழு சரியாயிருக்கும்.
மீதி மூன்றுக்கு டீ வாங்கித் தருவான்.

கீழ்க்குழாயில் விழுவது கண்ணாடி.
பார்க்க வருகிறவர்கள்
டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப்
போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.
போட்டோவில் உப்பு விழாது.

மணி நிறைந்துபோனால் உப்புக்கரைசல் விட்டுக் கழுவணும்.
விழுங்கியதையெல்லாம் கக்கும்,
பீட்ரூட் வேகவைத்த தண்ணிபோல.
அது ஆவியாக்கிக்குப் போகும், அங்கே விறகு தின்னும்,
கடைசியில் மூட்டையாய்க் கொட்டகைக்கு வரும்.
தார்ப்பாய்க்கு அடியில் எண் போட்ட மூட்டைகள்.
எண்ணுவதை நான் விட்டு நாளாச்சு.

பகல் ஷிப்டில் ஒரு புதன்கிழமை
ஒரத்துப்பாளையத்துக்குக் கீழேயிருந்து
டிவிஎஸ் வண்டியில் வந்தார் சென்னியப்பன்.
இரண்டு பாட்டிலில் கிணற்றுத் தண்ணி,
ஆறிப்போன வரக்காப்பி நிறம்.
"ஏனுங்க மேடம், உங்க மிசின்ல
இத ஒருக்கா விட்டுத் தாங்களேன்."

கூடாது என்று எழுதியிருக்கிறது.
ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாயில்
ஒரு சாண் மணி போட்டு விட்டேன்.
சொட்டுச் சொட்டாய், முக்கால் மணி நேரம்.
அவர் நாற்காலியில் உட்காரவேயில்லை.
இறங்கியது பளிங்கு.
நான் மீட்டரைத் தேடித் திரும்புவதற்குள்
விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"கரிக்குதுங்க."

மூவாயிரத்து இருநூறு என்றது மீட்டர்,
அவருக்கு அப்புறம்.

இது சாயத்தை மட்டும்தான் பிடிக்குங்க என்றேன்.
ஒண்ணை வாங்கினா ஒண்ணைத் திருப்பும், மொய் மாதிரி.
நிறத்தை வாங்கிட்டு உப்பை எழுதிடும்.
உப்பைப் பிடிக்க அடுத்த கட்டடத்தில்
சவ்வு தனியா இருக்கு, அது எங்களுக்கு...

நிறுத்திக்கொண்டேன்.

அவர் பாட்டிலின் மூடியைத் திருகினார்.
திருகி முடிந்த பிறகும் திருகினார்.
"மொய்யின்னா சரிங்க.
நா யாரு ஊட்டு விசேசத்துல வெச்சேன்னு
இத்தன வருசமா இது
எங்க கெணத்துக்குத் திரும்பி வருது?"

கோபமில்லை. நிஜமாகவே
நோட்டில் பெயர் தேடுகிறவர் குரல்.
போகும்போது மேசைமேல்
ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனார்.
நான் எதுவும் வைக்கவில்லை.

அன்றைய பதிவேட்டில்
உள்வரும் நிறம், வெளிவரும் நிறம், நேரம், கையெழுத்து.
அந்த ஒரு சாணை எதிலும் எழுதவில்லை.

வீட்டில் புதுத் துண்டு நனைத்து வைத்திருந்தேன், சிவப்பு.
செருப்பு வாரில் சிக்கி வந்த மணி ஒன்று
எப்படியோ வாளிக்குள் விழுந்திருக்கிறது.
காலையில் தண்ணியைக் கொட்டப்போனால்
அடியில் கிடந்தது,
மாதுளை முத்துபோல,
யாரும் கேட்காமலே வாங்கிக்கொண்டு.

வாளித் தண்ணி மட்டும்
அப்படியே சிவப்பாய்த்தான் இருந்தது.
கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா என்று
கொஞ்சநேரம் தூக்கிக்கொண்டே நின்றேன்.